டிம் அடித்தேன்

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று கோகிலாவின் வளைகாப்பு முடிந்தது. கை நிறைய வளையலோடு மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழே பொள்ளாச்சியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வால்பாறைக் குளிரைப் பற்றித்தான் பேசிவிட்டுப் போனார்கள். போகட்டும்.

மாப்பிள்ளை ஜெகதீசன் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தார். அட்டகட்டி பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர். நல்ல பையன்தான், ஆனால் எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கோகிலாவைப் பொள்ளாச்சியில் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைக்கலாமா, அங்கே ஆஸ்பத்திரி பக்கம் என்றார். தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவன் பொறுப்பு. அதை மாப்பிள்ளை வீட்டில் வைத்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?

"வலி எடுத்தா நானே இறக்கிக் கொண்டுபோய்ச் சேத்துருவேன் மாப்ள. இந்த மலையில எத்தனை புள்ளத்தாச்சிகள இறக்கியிருக்கேன்னு டாக்ஸி ஸ்டாண்டுல கேட்டுப் பாருங்க" என்றேன்.

"இல்லீங் மாமா, பனியில, இருட்டுல..." என்று இழுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் அவரும் வண்டியில் இருந்தபோது ஒரு கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை லேசாக உரசினேன். அதை மனதில் வைத்திருக்கிறார். அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்து எத்தனை காலம் ஆகிறது? யார் கண்ணுக்குத்தான் தெரியும்?

சரி. இருட்டுதான் குறை என்றால் வெளிச்சம் போட்டுவிட்டால் போயிற்று. வண்டிக்குப் பனி விளக்கு மாட்டப்போகிறேன். என் மகள் என் வண்டியில்தான் இறங்குவாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சவாரி இல்லை. முன்கண்ணாடியைப் புகையிலை தேய்த்துக் கழுவினேன். அப்படிச் செய்தால் மழைத் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். வழிந்தது. ஆனால் ஹெட்லைட்டுக்குள் இருக்கும் பூச்சு மங்கிவிட்டது போல, ரோடு அழுக்கு வேட்டி நிறத்தில்தான் தெரிகிறது.

ஸ்டாண்டில் எனக்கு அடுத்த வண்டி பொன்னுசாமியுடையது. வயது என்னைவிடப் பத்து குறைவு, வாய் பத்து அதிகம். நேற்று எதிரே வந்து கை காட்டினானாம், நான் கண்டுகொள்ளாமல் போய்விட்டேனாம். ஏதோ யோசனையில் இருந்தேன் என்று சொல்லிவைத்தேன். மழையில் வண்டி வருவது தெரியும். உள்ளே உட்கார்ந்து கை காட்டுகிறவன் யார் என்று எவனுக்குத் தெரியும்? அவனுக்குத் தெரிந்ததாம். பொய் சொல்கிறான்.

செப்டம்பர் 3, புதன்

பொள்ளாச்சியில் மன்சூர் கடையில் பனி விளக்கு மாட்டியாகிவிட்டது. பேட்டரி, வயரிங் வேலை எல்லாம் நான் அவனிடம்தான் பார்ப்பது.

பம்பருக்குக் கீழே, தரைக்கு ஒரு முழ உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் விளக்கு. கொஞ்சம் மேலே வைக்கச் சொன்னேன். மன்சூர் கேட்கவில்லை. விளக்கு உயரத்தில் இருந்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருமாம், பனிக்கு அடியில் நுழைந்து போகவேண்டுமாம். பேட்டரியிலிருந்து ஒரு வயர், நடுவில் ஃபியூஸ், அப்புறம் ரிலே என்று ஒரு கறுப்பு டப்பி. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் டப்பிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கடைச் சுவரில் வெளிச்சத்தை விழவைத்து, கோடு போட்ட மாதிரி மட்டம் பார்த்துத்தான் விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குப்பா" என்றாள். அவள் சந்தோஷமாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. பிள்ளைத்தாச்சிக்கு அசதி இருக்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

மலைப்பாதையில் கவர்க்கல் பக்கம் சரியான பனி. சாயங்காலமே ரோடு காணாமல் போய்விட்டது. மஞ்சள் விளக்கைப் போட்டேன். ஓரத்து வெள்ளைக் கோடு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. இந்த வெளிச்சம் முன்னால் போவதில்லை, அங்கேயே விழுந்து படுத்துக்கொள்கிறது. பின்னால் வந்த அரசு பஸ் ஹார்ன் அடித்து, என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. அத்தனை பனியில் அவனுக்கு மட்டும் எப்படி ரோடு தெரிந்தது? பழக்க தோஷத்தில் ஓட்டுகிறான், என்றைக்காவது உருளுவான்.

செப்டம்பர் 11, வியாழன்

என் வீட்டுக்காரி மயிலா வாசற்படியில் வாளியை வைத்திருந்தாள். முழங்காலில் நல்ல அடி. எத்தனை சொன்னாலும் வழியில் எதையாவது வைப்பதை விடமாட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

மறுபடியும் மன்சூர் கடை. இந்த முறை டிரைவிங் லைட். ஹெட்லைட்டுக்கு மேலே, கிரில்லில் இரண்டு பெரிய வெள்ளை விளக்கு. இது பனிக்கு இல்லை, நேரான ரோட்டில் தூரத்துக்கு அடிப்பதற்கு. போட்டதும் எதிர்ச் சாரியில் இருந்த பலகையின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வெகுநாளைக்கு அப்புறம் ஒன்றைப் பார்த்த மாதிரிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஆனால் வயரிங்கில் மன்சூரோடு சண்டை வந்துவிட்டது. டிரைவிங் லைட்டை ஹெட்லைட்டின் பிரைட்டோடு சேர்த்துத்தான் கட்டுவானாம். எதிரே வண்டி வந்து நான் பிரைட்டிலிருந்து டிம்முக்கு மாற்றினால், இந்த இரண்டும் தானாக அணைந்துவிட வேண்டுமாம். அதுதான் முறையாம்.

எனக்கு டிம் போதாது. டிம் அடித்த அந்த நேரத்தில்தான் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் ஏறி, ரோடே மறைந்துபோகிறது. அந்த நேரத்தில் போய் விளக்கை அணைக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? தனி சுவிட்சில் கொடு, டிம் அடித்தாலும் எரியட்டும், வேண்டாதபோது நானே அணைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"டிம் அடிச்சா இதும் சேந்து அணையோணும்ங்ணா. எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு அவுஞ்சு போயிரும்" என்றான் மன்சூர்.

இந்த மலையில் ஓட்டுவது நீயா நானா என்று கேட்டேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் கடையை விட்டு நகரவில்லை. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், நான் சொன்ன மாதிரியே கட்டிக்கொடுத்தான். பகலில் விளக்கை மூடிவைக்கும் மூடி நான்கையும் பொட்டலமாகக் கையில் திணித்தான். போய்ட்டு வாங்க என்று வழக்கமாகச் சொல்வான். இன்றைக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். மயிலா என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அவளோடு காலையிலேயே சத்தம் போடவேண்டியதாகிவிட்டது. ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் முகாம் வரிசை தெரியும். ஒரு டிரைவர் அந்த வரிசையில் நின்றான் என்றால் நாளைக்கு எவன் அவன் வண்டியில் ஏறுவான்? பொன்னுசாமி வாய் சும்மா இருக்குமா?

பொன்னுசாமியே போய் நின்றான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். கண் சுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதை ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். புரை இருந்தால் சின்ன ஆபரேஷன்தானாம், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமாம். யாருக்கு வேண்டும் அந்தத் தகவல்?

கோகிலா மட்டும் சாப்பிடும்போது, "ஒரு தடவ காமிச்சா என்னப்பா?" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். பேப்பர்காரன் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டான், அதற்கு நான் என்ன செய்வது?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. மயிலா பக்தி முற்றி, ஹெட்லைட், பனி விளக்கு, டிரைவிங் லைட் எல்லாவற்றுக்கும் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். ஸ்டாண்டில் எல்லா வண்டியும் அப்படித்தான் நிற்கிறது. பொன்னுசாமி என் வண்டியைச் சுற்றிவந்து, கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் கட்டுன மாதிரி இருக்குதுங்ணா என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் விளக்கைப் போட்டுப் பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒவ்வொரு வெளிச்சத்தைச் சுற்றியும் வண்ண வண்ணமாக வளையம். சந்தனம் வழிந்து கண்ணாடி கெட்டுவிட்டது. மயிலாவை நன்றாகத் திட்டினேன். அவள் ஈரத்துணி கொண்டுவந்து ஆறு விளக்கையும் துடைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 2, வியாழன்

சோப்புப் போட்டுத் துடைத்தும் வளையம் போகவில்லை. மட்டமான கண்ணாடி. மன்சூர் பழி தீர்த்துவிட்டான்.

வீட்டு முன்னால் இருக்கும் தெருவிளக்கைச் சுற்றியும் அதே வளையம் தெரிகிறது. அதற்கு யார் சந்தனம் வைத்தார்கள் என்று தெரியவில்லை. காற்றில் ஈரம் அதிகம்.

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த மலையில் மரியாதை செத்துவிட்டது. எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் டிம் அடித்துக்கொள்வது, ஏறி வருகிறவனுக்கு இறங்குகிறவன் வழி விடுவது, இதெல்லாம் யாரும் எழுதிவைக்காமலே நாங்கள் காப்பாற்றி வந்த வழக்கம். இப்போது எதிரே வருகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து விளக்கைத் திரும்பத் திரும்ப மின்னவிடுகிறான். நான் டிம்மில்தான் வருகிறேன். அப்படியும் மின்னுகிறான். இன்றைக்கு ஒரு காய்கறி வேன்காரன் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி என் அம்மாவை இழுத்துத் திட்டினான். டிம் அடித்தவனைத் திட்டுகிற காலம். என்ன செய்வது?

ஒன்று மட்டும் நல்லது. நான்கு விளக்கும் எரிந்தால் எனக்கு ரோடு தெரிகிறது. முழுக்க இல்லை, போதுமான அளவுக்கு. கோகிலாவுக்கு வயிறு இறங்கிவிட்டது என்கிறாள் மயிலா. எப்போது கூப்பிட்டாலும் நான் தயார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பொள்ளாச்சிக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பினேன். கவர்க்கல்லில் பனி இறங்கிவிட்டது, இருட்டவும் தொடங்கியிருந்தது. எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வந்தேன். எதிரே ஒற்றை விளக்கு ஒன்று வந்தது. பைக். ஒரு தரம் மின்னியது. டிம் அடித்தேன். அது கடந்து போயிருக்கும். பின்கண்ணாடியில் பார்த்தேன், வெறும் பனிதான்.

வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளை கோகிலாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு இருட்டும் முன்னால்தான் எஸ்டேட்டுக்குக் கிளம்பினார், வழியில் பார்க்கவில்லையா என்றாள் மயிலா. பார்க்கவில்லை என்றேன். முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாளாம். எனக்குத் தட்டில் இரண்டு வைத்தாள். சாப்பிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று அதற்கப்புறம் எழுத முடியவில்லை.

எஸ்டேட் லாரிக்காரர் போன் செய்தார். கவர்க்கல்லில் ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைக்குள் பைக் கிடந்தது. மாப்பிள்ளை அதற்குக் கீழே. வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. எவ்வளவு நேரம் அந்தக் குளிரில் கிடந்தாரோ. அதிரச டப்பா மட்டும் மூடி திறக்காமல் கிடந்தது என்று லாரிக்காரர் இரண்டு தடவை சொன்னார். அதை ஏன் என்னிடம் சொல்லவேண்டும்?

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. காட்டுமாடு குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கவர்க்கல்லில் காட்டுமாடு சாதாரணம். கேட்ட எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை.

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். "மாடுங்களா மாப்ள?" என்று கேட்டேன். "மாடுதாங் மாமா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் 15, புதன்

ஸ்டாண்டில் நான் போட்ட சத்தத்தில் கூட்டமே கூடிவிட்டது. காட்டுமாடு ஊருக்குள் வருகிறது, ரோட்டில் படுக்கிறது, மனிதன் காலை உடைக்கிறது, கேட்க நாதி இல்லை. வனத்துறைக்கு மனு கொடுத்தால் நஷ்டஈடு கிடைக்கும் என்றார்கள். ஒரு ஆளைப் பிடித்து மனு எழுதி வாங்கி, மாப்பிள்ளை கையெழுத்துக்காகக் கீழே எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் மாமா. பாவம், மாட்டு மேல எதுக்குங்க" என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்குத்தான் ரோஷம் வருமோ தெரியவில்லை. மனுவை வண்டியில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

கோகிலா பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளை அங்கே அம்மா வீட்டில் படுக்கையில் இருக்கிறார், பக்கத்தில் இருக்கவேண்டும் என்கிறாள். அதில் தப்பில்லை. நான் இறக்கிவிடுகிறேன் என்று காலையிலேயே வண்டியைத் துடைத்து, பின்சீட்டில் தலையணை வைத்து, மெத்தை விரித்துத் தயாராக நின்றேன்.

வாசலில் பொன்னுசாமி வண்டி வந்து நின்றது.

"அவரு சொன்னாருப்பா, பொன்னுசாமி அண்ணன் வண்டியில வரச் சொல்லி" என்றாள். ஏன் என்று கேட்டேன். "எனக்குத் தெரியலப்பா. கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. அப்பா வண்டி வேண்டாம்னு மட்டும் சொன்னாரு." சொல்லிவிட்டு அழுதாள். பிள்ளைத்தாச்சி அழக்கூடாது என்று மயிலா கண்ணைத் துடைத்துவிட்டு, தானும் அழுதாள்.

பொன்னுசாமி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வாய் பேசுகிறவன், பையை எடுத்து டிக்கியில் வைக்கும்போது என்னைப் பார்க்காமல் வைத்தான். அவன் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பட்டப்பகல். பனி இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. அந்த வெயிலில் என் மகள் அடுத்தவன் வண்டியில் இறங்கிப் போனாள்.

தலையணையை எடுத்து உள்ளே வைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். விடிகாலையில் போன் வந்தது. மயிலா போன வாரமே அங்கே போய்விட்டாள். நான் பஸ்ஸில் போனேன். வண்டிக்கு ஆயில் மாற்றவேண்டியிருந்தது.

கையில் கொடுத்தார்கள். எடை இருந்ததே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. மூக்கு யார் மாதிரி சொல்லுங்க சம்பந்தி என்று ஜெகதீசனின் அம்மா கேட்டார்கள். உங்க மாதிரிதாங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வார்டில் வெளிச்சம் போதவில்லை.

நவம்பர் 12, புதன்

மாப்பிள்ளை வாக்கர் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தார். வழக்கம்போல இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"மாமா, அன்னைக்கு மாடு எதுவும் வரலை."

"நான் டிம் அடிச்சேன் மாப்ள" என்றேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. நானாகச் சொல்லிவிட்டேன்.

"அடிச்சீங்க. பாத்தேன். ஹெட்லைட்டு டிம் ஆச்சு. மத்த நாலும் ஆகலை."

நர்ஸ் ஒருத்தி ட்ரேயோடு எங்களைத் தாண்டிப் போனாள். அவள் போனதும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லலீங்க. கோகிலாகிட்டகூடச் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். ஆனா எம்புள்ளைய உங்க வண்டியில ஏத்த மாட்டேன் மாமா." அதற்கப்புறம், "கண்ணக் காமிங்க" என்றார்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயில் டம்ளரைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். தண்ணீர் டம்ளருக்குள் விழாமல் என் கை மேல் விழுந்துகொண்டிருந்தது.

நவம்பர் 26, புதன்

காட்டிவிட்டேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிப்போயிருக்கிறதாம், அதை முதலில் எடுத்துவிட்டார்கள். எடுத்த சிரமமே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த மாதிரி போய்வந்தேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மயிலா சொட்டு மருந்து விடுகிறாள்.

"ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருக்கலாமே பெரியவரே, என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். விவசாயம் என்றேன்.

டிசம்பர் 8, திங்கள்

அடுப்படிச் சுவர் இத்தனை கரி பிடித்திருக்கும் என்று நினைக்கவில்லை. மயிலாவுக்கு இவ்வளவு நரைத்துவிட்டது என்றும் எனக்குத் தெரியாது. தெருவிளக்கைச் சுற்றி இருந்த வளையத்தில் பாதி இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டால் முழுக்கவே இல்லை.

இந்தப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். என் எழுத்து கோட்டை விட்டு இறங்கி, ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. மன்சூரையும் மயிலாவையும் பேப்பர்காரனையும் திட்டி எழுதிய இடம் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது.

சாயங்காலம் எங்கள் தெருவிலும் பனி இறங்கியது. மயிலாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, எந்தச் சுவிட்ச் எது என்று சொல்லிக் கொடுத்தேன். நான் தெருக்கோடிக்குப் போய், ஒரு பைக் வந்தால் எந்த இடத்தில் வருமோ அந்த இடத்தில் வண்டியைப் பார்த்து நின்றேன். எல்லா விளக்கையும் போடச் சொன்னேன். போட்டாள்.

"டிம் அடி" என்று கத்தினேன். அடித்தாள்.

என் கை தானாக முகத்துக்கு வந்துவிட்டது. விரல் இடுக்கில் பார்த்தேன். வண்டி இல்லை, வீடு இல்லை, தெரு இல்லை. எல்லாம் வெள்ளை. ரோட்டின் ஓரம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன், அதனால் விழவில்லை. ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

"தெரியுதுங்களா?" என்று மயிலா உள்ளேயிருந்து கேட்டாள்.

தெரிகிறது, அணைத்துவிடு என்றேன். அவள் இறங்கி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

டிரைவிங் லைட் இரண்டையும் கழற்றிவிட்டேன். பேட்டரி இழுக்கிறது என்று ஸ்டாண்டில் சொன்னேன். வனத்துறை மனுவை அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

கோகிலா குழந்தையோடு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று மயிலா விடியும் முன்பே எழுந்துவிட்டாள். ஆரத்தித் தட்டு, புதுத் தொட்டில் துணி, இனிப்பு எல்லாம் தயார். இரண்டாவது கண்ணும் போன வாரம் முடிந்துவிட்டது. ஓட்டுவதற்கு இன்னும் டாக்டர் சொல்லவில்லை. ஆனாலும் வண்டியைக் கழுவி, என் பெரிய தம்பியை விட்டு எடுக்கச் சொல்லி, ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். சவாரி வரிசையில் முதல் நம்பர். ஓட்டுவதற்கு அவன் இருந்தான், நான் ஓட்டப்போவதில்லை. மாப்பிள்ளையிடம் அதைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

பொள்ளாச்சி பஸ் வந்தது. முன்படியில் கோகிலா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். குழந்தையின் முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்கு சம்பந்தியம்மா மாதிரி இல்லை. மயிலா மாதிரி.

பின்னால் ஜெகதீசன் இறங்கினார். முதலில் தடி, அப்புறம் நல்ல கால், அப்புறம் வலது கால். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமி வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டான். "ஏனுங்ணா, வண்டிய இங்க நிறுத்திப்போட்டு, பச்சக் கொழந்தைய பஸ்ஸுல கூட்டிட்டு வர்றீங்க?"

"கொழந்தைக்குக் கார் ஒத்துக்கறதில்ல. வாந்தி எடுக்குது" என்றேன்.

பொன்னுசாமி நம்பாமல் கோகிலாவைப் பார்த்தான். கோகிலா என்னைப் பார்த்தாள். அப்போது ஜெகதீசன் தடியை ஊன்றி நின்று, "ஆமாங்க, கார் ஒத்துக்கறதில்ல" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். வீடு ஏற்றத்தில் இருக்கிறது, அவருக்குக் கஷ்டம். நான்கு பேரும் நடந்தே போனோம். பின்னால் கார் முதல் நம்பரிலேயே நின்றது.